கங்கைப் பாலம் தாண்டி ஒரு மீன்சோற்றுக் கடை

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நீலத் தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், மரத்தில் சாத்தி வைத்த கரும்பலகை, அவ்வளவுதான். திருகோணமலைப் பக்கம், கிண்ணியாவிலிருந்து மூதூர் போகிற வழியில், மகாவலி மேலே உள்ள கங்கைப் பாலம் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் பார்த்துக்கொண்டே போனால் வேப்பமரம் கண்ணில் படும். கரும்பலகையில் அன்றைக்கு வந்த மீன்களின் பெயர் மட்டும் சோக்கட்டியால் எழுதியிருக்கும். விலை இருக்காது, உள்ளே போய்த்தான் கேட்க வேண்டும். இதற்கே ஒரு நட்சத்திரம் குறைக்கலாம்.

அப்படியிருந்தும் சில மாதத்திலேயே நான்கு தடவை போய்விட்டேன். பட்டணத்தில் கடலை வாசலில் வைத்துக்கொண்டு மீன்சோற்றுக்காக ஒரு மணித்தியாலம் காரில் போகிற மாமியாரைப் பற்றி மருமகன் தன் சிநேகிதர்களிடம் என்ன சொல்கிறாரோ தெரியாது. காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன், அவரும் வாசிக்கட்டும்.

நான் 31 வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள். ஓய்வு எடுத்த பிறகு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. ஹோட்டலில் பரிமாற வருகிற பிள்ளையிடம் இது என்ன மீன், எவ்வளவு பெரிசு, எங்கே பிடித்தது என்று கேட்பேன். உப்புவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் கூடுகிற ஓர் இடத்தில் கேட்டபோது, "நல்ல பெரிய மீன் மிஸ், முள்ளே இல்லை" என்றான் பையன், பெருமையாக. உள்ளங்கையை விட அகலமான துண்டு. தளப்பத்தா, கொப்பராவா, அறக்குளாவா என்று அவனுக்கும் தெரியாது, உள்ளே போய்க் கேட்டு வந்த பிறகும் தெரியாது. பில்லில் 'மீன்' என்று மட்டும் அடித்திருந்தார்கள். என் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். பெரிய மீனின் உடம்பில் நஞ்சு கூடுதலாகச் சேர்ந்திருக்கும் என்று அவள் தட்டிலிருந்த துண்டை என் தட்டுக்கு மாற்றினேன். வீடு வந்து சேரும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு மூதூரில் ஒரு வீட்டு அலுவலாகப் போய்த் திரும்பும்போதுதான் இந்தக் கடையில் நின்றோம். பசி, வெயில், மகளுக்குக் கால் வீக்கம். பலகையில் 'விரால், ஆத்து மீன், சூடை, ஓரா, நெத்தலி, சுறா வறை' என்று இருந்தது. ஆத்து மீன் என்றால் என்ன மீன் என்று பரிமாறுகிற தம்பியிடம் கேட்டேன்.

"திலாப்பியா மிஸ். மாவலி கங்கையில புடிச்சது."

அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "பொய் சொல்லாத. அது கந்தளாய்க் குளத்து மீன். காலத்தால ஐஸ் பெட்டியில வந்தது."

பையன் தலையைச் சொறிந்துகொண்டு பலகைக்குப் போய் 'ஆத்து' என்பதை விரலால் அழித்துவிட்டு 'குளத்து' என்று எழுதினான். எனக்கு அந்தக் கடை பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். சோறு அதற்குப் பிறகுதான் வந்தது.

அடுப்படியில் நின்றவர் அவனுடைய தாய். நான் ராத்தா என்று கூப்பிடுகிறேன், அவர் என்னை டீச்சர் என்கிறார். மூன்று கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. சூடை கொட்டியாரக்குடாவில் கரைவலையில் விழுந்தது. ஓரா சம்பூர்ப் பக்கத்துப் பாரில் பிடித்தது. நெத்தலி அன்று காலை வந்தது. விரால் பக்கத்து வாய்க்காலில் தூண்டில் போட்ட பெடியன்கள் கொண்டுவந்தது. அந்த விராலைப் பற்றி மட்டும் அவர் தானாகவே சொன்னார்: "வயலுக்கு மருந்தடிச்ச கிழமையெண்டா நான் வாங்கமாட்டன் டீச்சர். வெள்ளாம வெட்டினாப் பொறகு வாங்கிறன்."

நல்லது. ஆனால் வகுப்பறையில் நின்ற வாய் சும்மா இருக்குமா? மருந்தடித்த கிழமை போனால் எல்லாம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதை மகளுக்கு அங்கேயே சொல்லத் தொடங்கிவிட்டேன். இப்போது விற்கிற மருந்துகளில் பல, வெயிலிலும் தண்ணீரிலும் சில கிழமைகளில் சிதைந்துபோகிறவை. ராத்தாவின் கணக்கு அவற்றுக்குச் சரி. என் சின்ன வயதில் மலேரியாக்காரர் வீடு வீடாக வந்து சுவருக்கு அடித்தார்களே டீடீரீ (DDT) என்கிற நுளம்பு மருந்து, அது வேறு சாதி. இலங்கையில் அதை 1976 இல் நிறுத்தினார்கள். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும், எளிதில் சிதையாது. உடம்புக்குள் போனால் கொழுப்பில் குந்திவிடும்.

ஒவ்வொரு வருடமும் நான் கரும்பலகையில் எழுதுகிற கணக்கு ஒன்று உண்டு. 1967 இல் அமெரிக்காவில் லோங் ஐலண்ட் கழிமுகத்தில் அளந்தது. தண்ணீரில் டீடீரீ பத்து இலட்சத்தில் 0.000003 பங்கு, அதாவது இல்லை என்றே சொல்லிவிடலாம். தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குகளில் 0.04. அவற்றைத் தின்ற சின்ன மீனில் 0.5. சின்ன மீனைத் தின்ற பெரிய மீனில் 2. மீனைத் தின்ற பறவையில் 25. ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு. விராலடிப்பான் பருந்துகளின் முட்டை ஓடு மெலிந்து, தாய் ஏறி அடைகாக்கும்போதே நொறுங்கியது. தண்ணீரைச் சோதித்தவன் 'சுத்தமான ஆறு' என்று எழுதிவிட்டுப் போயிருப்பான்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு ராத்தாவின் தட்டையே காட்டலாம். ஒரு கிலோ பாரை வளர ஏறத்தாழ 10 கிலோ சூடை வேண்டும். 10 கிலோ சூடைக்கு 100 கிலோ மிதவைப் பூச்சி, அதற்கு 1000 கிலோ மிதவைப் பாசி. தின்றதில் பெரும்பகுதி நீந்துவதிலும் மூச்சிலும் சூட்டிலும் போய்விடும். நஞ்சு போகாது. ஆயிரம் கிலோ பாசியில் தூவிக் கிடந்தது ஒரு கிலோ பாரைக்குள் ஒடுங்கி நிற்கும். ஆகவே தட்டில் சூடை இருந்தால் நீங்கள் ஏணியின் கீழ்ப்படியில் இருக்கிறீர்கள், தளப்பத்து இருந்தால் உச்சிப்படியில்.

சரி, சோற்றுக்கு வருகிறேன். வாழையிலையில் நாட்டரிசிச் சோறு. ஓரா ஆணம் மண்சட்டியில் வைத்தது. கொறுக்காய்ப் புளி தூக்கலாக, எண்ணெய் மேலே மிதக்காமல். சூடையைச் செதிள் எடுத்து, பக்கத்துக்கு நாலு கீறல் போட்டு, மிளகும் உப்பும் மஞ்சளும் தடவி முறுகப் பொரித்திருந்தார்கள். நடுமுள்ளையும் சேர்த்துக் கடிக்கலாம், கல்சியமும் கூடவே வரும். நெத்தலிச் சொதியில் தேங்காய்ப்பால் இரண்டாம் பால்தான், ஆனால் வெந்தயமும் கறிவேப்பிலையும் வாசம் தூக்கிக் கொடுத்தன. வல்லாரைச் சுண்டல் கொஞ்சம் கசப்பு. குளத்துத் திலாப்பியாவை மருமகன் எடுத்தார். சேற்று வாடை இருந்தது என்றார், புளியில் ஊறவைத்திருந்தால் போயிருக்கும். 1952 இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த மீன், இன்னமும் நம் அடுப்படி அதை முழு மனதோடு ஏற்றுக்கொள்ளவில்லை. பாசியையும் மக்கிய இலையையும் தின்கிற மீன் என்பதால் என் பட்டியலில் அதற்கு நல்ல இடம் உண்டு. வாடை வேறு விஷயம்.

மகள் சுறா வறை கேட்டாள்.

நம் பக்கத்தில் இது லேசான விஷயமில்லை. பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுத்தால் பால் ஊறும் என்று என் அம்மாவும் கொடுத்தார், மாமியாரும் கொடுத்தார். இன்னொரு பக்கம், அமெரிக்க உணவு மருந்துத் துறை கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் வேண்டாம் என்று சொல்லும் மீன்களில் சுறா, வாள்மீன், கொப்பரா எல்லாம் இருக்கின்றன. நம் அறக்குளாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரமான ஒரு பெரிய மீனும் அதில் உண்டு. இங்கே பிரச்சினை டீடீரீ இல்லை, பாதரசம். (நம் பாடப்புத்தகத்தில் அதை இரசம் என்று போட்டிருப்பார்கள். "மிஸ், மிளகு இரசமா?" என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன் கேட்பான். 31 வருடமும் சிரித்தேன்.)

பாதரசம் சேற்றுக்குள் காற்றில்லாத இடத்தில் கிடந்தால் அங்குள்ள பக்டீரியா அதை மெதைல் பாதரசமாக மாற்றிவிடும். அந்த வடிவம்தான் உயிருக்குள் ஏறும். கொழுப்பில் அல்ல, தசையில், புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். டீடீரீ மாதிரிச் சாமான் என்றால் தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் வெட்டி எறிந்து கொஞ்சம் குறைக்கலாம். பாதரசத்தைக் கழுவினாலும் போகாது, பொரித்தாலும் போகாது, புளி விட்டாலும் போகாது. மனித உடம்பில் பாதியாகக் குறைய 50 நாள் போல் எடுக்கும். தாயின் இரத்தத்தில் இருப்பதை விடக் கூடுதலாகத் தொப்புள்கொடி இரத்தத்தில் இருக்கும்.

ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றில் இது என்ன செய்யும் என்பதற்கு யப்பானின் அகானோ ஆறு இருக்கிறது. மீன் தின்றவர்களைப் பாதரசம் முடக்கிய மினமாட்டாவின் பெயர் எல்லோருக்கும் தெரியும், அது கடற்கரை, 1956. அகானோ அதற்கு ஒன்பது வருடம் பிந்தியது. கடலிலிருந்து 60 கிலோமீற்றர் மேலே, மலைப்பக்கம் கனோசே என்ற இடத்தில் ஓர் இரசாயனத் தொழிற்சாலை கழிவை ஆற்றில் விட்டது. 1965 இல் கைகால் விறைத்து, பார்வை சுருங்கி வைத்தியசாலைக்கு வந்தவர்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அல்ல. ஆறு கடலில் விழுகிற நீகாட்டாப் பக்கத்து மீன்பிடி வீடுகளில், ஆற்றுமீனை அன்றாடம் தின்றவர்கள். மேலே விட்டது கீழே போய்ச் சேர்ந்தது. பிள்ளைக்கு எப்படிப் போனது என்பதற்குச் சாட்சி மினமாட்டாவில் கிடைத்தது. யப்பானியத் தாய்மார் பிள்ளையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சின்னப் பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். ஹரதா மசசூமி என்ற வைத்தியர் அந்தக் கொடிகளை வாங்கி அளக்கவைத்தார். பாதரசம் அதில் இருந்தது.

கங்கைப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்க்கும்போது எனக்கு இதெல்லாம் வரும். மகாவலி 335 கிலோமீற்றர் வந்து இங்கேதான் முடிகிறது. கண்டி நகரத்து அழுக்கை ஏந்திய மெத எல என்கிற கால்வாய் அதில் விழுகிறது. விக்டோரியா அணையைத் தாண்டி, ரந்தெனிகலை அணையைத் தாண்டி, வயலும் வாய்க்காலுமாக இருக்கிற சமவெளி முழுவதையும் கழுவிக்கொண்டு வருகிறது. அணைகள் வண்டலில் பெரும்பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது நமக்கு ஓர் ஆறுதல். தப்பி வருகிற மெல்லிய களி, உப்புத் தண்ணீரைத் தொட்டதும் திரண்டு கட்டியாகிக் கீழே படியும். உலோகமும் மருந்தும் அந்தக் களியைப் பிடித்துக்கொண்டுதான் பயணம் செய்கின்றன. அதுவும் எங்கே படிகிறது? கண்டல் வேருக்குள். அங்கேதான் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன, கொடுவாவும் கடற்கழுகும் நீர்நாயும் அதைத் தின்ன வருகின்றன. உப்பாறு, கங்கை, இறால்குழி என்று இந்த ரோட்டில் பாலங்களின் பெயரை வாசித்தாலே போதும், உணவு வலையின் பாதி அதில் இருக்கிறது. பாலம் வரமுன் 'பாதை' என்கிற மிதவையில் ஏற்றித்தான் வாகனங்களைக் கடத்தினார்கள். அப்போது தண்ணீரை நின்று பார்க்க நேரம் கிடைத்தது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு எல்லோரும் 60 இல் போகிறோம்.

சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்று இருந்த காலத்தில் வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பேன், நிலக்கரியில் பாதரசம் இருக்கிறது, எரித்தால் புகையோடு போகும், பிறகு எங்கே இறங்கும்? அந்தத் திட்டத்தை 2016 இல் கைவிட்டார்கள். கேள்வி இன்னும் நல்ல கேள்விதான்.

இனி வறை. மகள் கேட்டதும் நான் வேண்டாம் என்றேன். அவள் முகம் சுருங்கியது. ராத்தா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"புள்ளைக்கு எத்தின மாசம்?"

"ஏழு."

"அப்ப இத நான் குடுக்கமாட்டன். இது பெரிய சுறா, கூட்டாப் பங்கு போட்டு வாங்கினது." பிறகு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை காட்டினார். "புள்ளப் பெத்தவளுக்குக் குடுக்கிற சுறா எண்டா இந்தளவுதான். பால் சுறா. எங்கட உம்மா இத விடப் பெரிசு சட்டியில போட்டதே இல்ல."

நான் பேசாமல் இருந்தேன், அதுவே அபூர்வம். பால் சுறா ஒரு மீற்றருக்கு மேல் பெரும்பாலும் வளராது, இரண்டு வயதளவில் குட்டி போடத் தொடங்கிவிடும். முழங்கை அளவென்றால் உலகத்தைப் பார்த்து அதிக நாள் ஆகாத மீன். கன காலம் சீவித்து, தன்னைப் போல் மீன்தின்னிகளையே தின்ற பெரிய சுறாவோடு அதை ஒரே பட்டியலில் போடுவது நியாயமில்லைதான். இருந்தாலும் பட்டியல் போட்டவன் சுறா என்றால் சுறா என்றுதான் போட்டிருக்கிறான், நானும் பேரப்பிள்ளை விஷயத்தில் வாதாடப் போவதில்லை. அவளுக்கு இன்னொரு கிண்ணம் நெத்தலிச் சொதி வந்தது. கர்ப்பிணி மீனை விட்டுவிடத் தேவையில்லை, பிள்ளையின் மூளைக்கு மீன் வேண்டும். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, சின்ன மீனாகப் பார்த்து.

வெறும் உருவத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைக்கு வெளியே ஆழ்கடலில் நீலத்திமிங்கிலம் வருகிறதே, உலகத்திலேயே பெரிய உடம்பு, தின்பதோ கூனி இறால் போன்ற சின்னப் பூச்சியை. ஏணியில் அதற்குக் கீழ்ப்படி. அதே கடலில் வருகிற எண்ணெய்த் திமிங்கிலம் கணவாயைத் தேடித் தின்கிறது, அதன் உடம்பில்தான் பாதரசம் ஏறும். கேட்க வேண்டியது என்ன தின்கிறது, எத்தனை வருடம் தின்றது என்பதை.

குறைகளும் இருக்கின்றன. கை கழுவுகிற இடத்தில் சவர்க்காரம் இரண்டு தடவை இல்லை. ஈ உண்டு. மத்தியானம் ஒன்றரைக்குப் பிறகு போனால் சூடை முடிந்து, மீதியைச் சூடாக்கித் தருவார்கள். கழிவறைக்குப் பின்பக்கம் சுற்றிப் போக வேண்டும். கர்ப்பிணியோடு போகிறவர்கள் கிண்ணியாவிலேயே அந்த அலுவலை முடித்துக்கொள்ளுங்கள். மீன் தலை, குடல் எல்லாம் பின்னால் வாய்க்காலில் போகிறது. அதை நான் சொன்னபோது, "கொக்குத் தின்டிரும் டீச்சர்" என்றார். கொக்கு தின்னும். பிளாஸ்டிக் பையை என்ன தின்னும்? அதைச் சொன்ன பிறகு பையை மட்டும் தனியாகக் கட்டி வைக்கிறார்கள், மூன்றாம் தடவை போனபோது பார்த்தேன்.

விலை: சூடைப் பொரியலோடு சோறு 600 ரூபா, ஓரா 750, விரால் 900. தயிர் முட்டி தனி. எருமைத் தயிர், கத்தி வைத்து வெட்டலாம், மேலே ஆடை விரல் மொத்தம். கித்துள் பாணி உண்மையான பாணி.

நான்காம் தடவை போனது போன மாதம். பேத்தி பிறந்து 43 நாள். மகள் வீட்டில், நானும் மருமகனும் மட்டும். பிள்ளை பிறந்தது தெரிந்ததும் ராத்தா பையனை அனுப்பிப் பெட்டியிலிருந்து இரண்டு பால் சுறா எடுத்துவரச் சொன்னார். முழங்கை அளவுதான். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, சூடாக இருக்கும்போதே அந்த மணல்தாள் தோலை ஒரே இழுவையில் உரித்தார். சதையைத் துணியில் போட்டுப் பிழிந்து உதிர்த்தார். உள்ளி, சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், மிளகு, சீரகம், கறிவேப்பிலை வதக்கி, தேங்காய்ப்பூவோடு சேர்த்துப் புரட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார். வாழையிலையில் கட்டி, மேலே பேப்பர் சுற்றி, "இத மகளுக்குக் குடுங்க, எனக்காக" என்று கையில் தந்தார்.

வாங்கிக்கொண்டேன். மகளுக்கு அன்று இரவு சூடைப் பொரியலும் முருங்கையிலைச் சொதியும். பொதியை நானும் மருமகனும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு புட்டோடு சாப்பிட்டு முடித்தோம். உதிரி உதிரியாக, பூப்போல இருந்தது. உப்பு மட்டும் ஒரு கல் குறைவு.

வெள்ளிக்கிழமை கடை இல்லை.